கொப்பியில் ஒரே ‘2’, ஆனால் இரண்டு வேறு கால்கள்: ஆஷ்வேர்த்தா, தார்தியூவா?

மருதமுனையில் இருந்து ஒரு நெசவாளி காக்காவை அவருடைய மகள் எங்கள் பிசியோ பிரிவுக்குக் கூட்டி வந்தார். பாரிசவாதம் வந்து ஏழு மாதம், வலது பக்கம். “மிஸ், வாப்பாட கால் கல்லாப் போச்சு. குதி நிலத்துல படுதேயில்ல. தறியில இருந்தா மிதிக்க ஏலாதாம்” என்றார். அதே கிழமை ஏறாவூரில் இருந்து ஒரு மேசன் வந்தார். அவருக்கும் வலது கால்தான், அவருடைய குதியும் அந்தரத்தில்தான். இருவரின் கிளினிக் கொப்பியிலும் ஒரே வரி எழுதியிருந்தது: கணுக்கால், ஆஷ்வேர்த் 2. தசை இறுக்கத்துக்குப் போடும் புள்ளி அது. நானும் அசைத்துப் பார்த்தேன். எனக்கும் 2 தான் வந்தது. அதை மட்டும் நம்பி இருவருக்கும் ஒரே வைத்தியம் செய்திருந்தால், அதில் ஒருவருக்கு மாதக்கணக்கில் பஸ் காசும் நாளும் வீணாகியிருக்கும். (ஆட்களை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வீட்டுக்காரர் ‘இறுக்கம்’ என்று ஒரு சொல்லில் சொல்வதற்குள் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று ஸ்பாஸ்டிசிட்டி. மூளையின் கட்டுப்பாடு தளர்ந்ததால், தசையை இழுத்தவுடன் அது எதிர்த்துச் சுருங்கும். எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு எதிர்க்கும். 1980இல் ஜேம்ஸ் லான்ஸ் கொடுத்த வரைவிலக்கணத்தின் உயிரே இந்த வேகம்தான். மற்றது கொன்ட்ராக்சர். பல கிழமை ஒரே நிலையில் கிடந்து தசையே நீளம் குறைந்து போவது. அதற்கு வேகம் கிடையாது. மெல்ல இழுத்தாலும் வராது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுமா என்பதுதான் எந்த அளவுகோலிடமும் நான் முதலில் கேட்கும் கேள்வி.

ஆஷ்வேர்த் அளவுகோல் 1964இல் வந்தது. பாரிசவாதத்துக்காக வந்ததல்ல; மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நோயாளருக்கு ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க ஆஷ்வேர்த் வைத்த 0 முதல் 4 வரையான புள்ளிகள். 1987இல் பொஹானனும் ஸ்மித்தும் அதில் ‘1+’ என்ற படியைச் சேர்த்தார்கள். நாம் இன்று பாவிப்பது அதைத்தான். நோயாளியைப் படுக்க வைத்து, “ஆயிரத்தொன்று” என்று மனதுக்குள் சொல்லி முடியும் ஒரு செக்கனுக்குள் மூட்டை அசைத்து, கையில் பட்ட எதிர்ப்புக்குப் புள்ளி போட வேண்டும். கருவி வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டாம், அரை நிமிடம் போதும். வாங்கில் முப்பது பேர் காத்திருக்கும் காலை வேளையில் இதன் அருமை தெரியும். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

அந்த 1987 ஆய்வில் இருவர் தனித்தனியாகப் பார்த்து 86.7 வீதம் ஒத்துப்போனார்கள். ஆனால் அது முழங்கை மடக்கும் தசையில், 30 நோயாளரில் மட்டும். கணுக்காலில் அந்த ஒற்றுமையை எதிர்பார்க்க முடியாது. மூட்டுச் சிறியது, பிடிமானம் குறைவு, கெண்டைத் தசையோ பலமானது. 1க்கும் 1+க்கும் இடையில் நானும் என் சக பிசியோவும் எத்தனையோ தரம் தடுமாறியிருக்கிறோம். இதைவிடப் பெரிய குறை, ஒரே வேகத்தில் அசைப்பதுதான். வேகத்தால் வரும் எதிர்ப்பையும் தசை குறுகியதால் வரும் எதிர்ப்பையும் கை ஒன்றாகத்தான் உணரும். கொப்பியில் விழுவது ஒரே 2.

மற்ற அளவுகோலான தார்தியூ வேறு வழியில் போகிறது. 1954இல் பிரான்சில் குய் தார்தியூ தொடங்கியது. 1999இல் பொய்டும் கிரஹாமும் இன்றைய திருத்திய வடிவைக் கொடுத்தார்கள். இதில் மூட்டை முதலில் இயன்றளவு மெல்ல அசைத்து, எங்கே முடிகிறது என்று பாகையில் எடுக்க வேண்டும். பிறகு இயன்றளவு விரைவாக அசைத்து, தசை ‘டக்’ என்று பிடிக்கும் இடத்தை எடுக்க வேண்டும். அந்தப் பிடிப்பின் தன்மைக்குத் தனிப் புள்ளி உண்டு: தெளிவாகப் பிடித்துப் பின் விட்டால் 2, கால் துடிக்கத் தொடங்கிப் பத்து செக்கனுக்குள் அடங்கினால் 3, அடங்காமல் துடித்தால் 4. மெல்ல எடுத்த கோணத்துக்கும் விரைவாக எடுத்த கோணத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டிய பொருள்.

காக்காவின் காலைப் பார்ப்போம். முழங்கால் நீட்டியபடி, பாதம் கெண்டைக்கு நேர் செங்கோணத்தில் நிற்பதைப் பூச்சியமாக வைத்தேன். மெல்ல உயர்த்தினால் பூச்சியத்தைத் தாண்டி 5 பாகை வந்தது. சடாரென்று உயர்த்தினால் பூச்சியத்துக்கு 20 பாகை முன்பே பிடித்துக்கொண்டது. வித்தியாசம் 25. தசைக்கு நீளம் இருக்கிறது; நரம்புதான் விடவில்லை. மேசன் ஐயாவின் கால் விரைவாக அசைத்தால் அதே 20இல் பிடித்தது. மெல்ல அசைத்தாலும் பூச்சியத்துக்கு 15 பாகை முன்பே நின்றுவிட்டது. வித்தியாசம் வெறும் 5. அங்கே தசையே குறுகிவிட்டது.

இதற்குப் பிறகு இருவரின் பாதையும் பிரிகிறது. காக்காவை நரம்பியல் கிளினிக்குக்கு அனுப்பி, தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசி பொருந்துமா என்று கேட்கலாம். அதன் பலன் ஏறக்குறைய மூன்று மாதம் நிற்கும். நடையையும் பாதம் தூக்கும் தசையையும் பயிற்ற அந்த மூன்று மாதம் பெரிய வாய்ப்பு. மேசனுக்கு அந்த ஊசி வீண். ஸ்பாஸ்டிசிட்டிக்குக் கொடுக்கும் பக்லோஃபென் குளிசையும் அவருக்கு நித்திரையைத்தான் கூட்டும். இழுப்புப் பயிற்சி மட்டும் இதைத் திருப்பிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2017இல் வந்த கொக்ரேன் தொகுப்பாய்வு, இழுப்பால் மூட்டசைவில் பெரிய மாற்றம் வருவதில்லை என்றே காட்டியது. அவருக்கு முதலில் குதி உயர்த்திய செருப்பு, பிறகு தொடர் மாக்கட்டு (தசையைப் படிப்படியாக நீட்ட மாற்றி மாற்றிப் போடும் கட்டு) பற்றிய யோசனை, தேவைப்பட்டால் எலும்பியல் வைத்தியரின் கருத்து. இவ்வளவையும் பிரித்துக் காட்டியது மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரோடு செலவழித்த ஐந்து நிமிடம்.

2006இல் பட்ரிக்கும் ஏடாவும் பாரிசவாதம் வந்த 16 பேரில் இரண்டு அளவுகோலையும் ஆய்வுகூட அளவோடு ஒப்பிட்டார்கள். ஸ்பாஸ்டிசிட்டி உண்டா இல்லையா என்பதில் தார்தியூ முழுக்கப் பொருந்தியது. ஆஷ்வேர்த் 63 வீதம்தான். ஆஷ்வேர்த் கொன்ட்ராக்சரையும் ஸ்பாஸ்டிசிட்டியோடு சேர்த்துக் குழப்புகிறது என்பதே அவர்கள் சொன்ன காரணம். சிறிய ஆய்வுதான் என்றாலும், அதை என் கை தினமும் உணர்கிறது.

அதற்காகத் தார்தியூவைத் தலையில் தூக்கி வைக்கவும் முடியாது. ‘இயன்றளவு விரைவு’ என்பது ஆளுக்கு ஆள் மாறும். என் வேகமும் உயரமான ஒரு பொடியனின் வேகமும் ஒன்றல்ல. பிடித்த கணத்தில் கோணத்தைக் கண்ணால் கணிப்பது பத்து பாகை பிழைக்கலாம். ஒருவர் அசைக்க மற்றவர் அளக்க வேண்டும், நமக்கு அந்த மற்றவர் பெரும்பாலும் இல்லை. நான் கண்ட வழி கைபேசி. முழங்காலுக்கு வெளிப்பக்க எலும்பு முனையிலும், கணுக்கால் வெளிமொளியிலும், சின்னவிரல் அடியிலும் பேனையால் புள்ளி வைப்பேன். நோயாளியின் சம்மதத்தோடு, மகளோ மகனோ கட்டில் மட்டத்தில் பக்கவாட்டில் நின்று மெதுவசைவில் படம் பிடிப்பார். பிடித்த இடத்தில் நிறுத்தி, திரையிலேயே கோணத்தை எடுப்பேன். பிள்ளையும் அந்த ‘டக்’கைக் கண்ணால் காண்கிறது. “வாப்பா வேணுமெண்டு இறுக்கிறாரில்லத்தானே, மிஸ்?” என்று அந்த மகள் கேட்டது அப்போதுதான்.

தசை மின்பதிவு, வேகத்தை இயந்திரமே காக்கும் டைனமோமீட்டர் எல்லாம் ஆய்வுக்கு நல்லவை. நம் அன்றாடத்துக்கு எட்டாதவை.

எந்த அளவுகோலை எடுத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். அக்கரைப்பற்றில் இருந்து விடிய வெளிக்கிட்டு, சன நெரிசலில் கால் தொங்கிய நிலையில் பஸ்ஸில் வந்தவரின் தசை, வீட்டுக் கட்டிலில் ஆறியிருக்கும் தசையல்ல. சலம் முட்டியிருந்தாலும், சலத்தில் கிருமி இருந்தாலும், மலச்சிக்கல், படுக்கைப்புண், நகச்சுத்தி இருந்தாலும் இறுக்கம் கூடும். பத்து நிமிடம் ஆறவிட்டு, அதே நிலையில், இயன்றால் அதே நேரத்தில் அளக்க வேண்டும். திரும்பத் திரும்ப அசைத்தாலும் தசை தளர்ந்து புள்ளி குறைந்துவிடும்.

பல வருடத்துக்கு முன், நான் அப்போது வேலை செய்த ஓரிடத்தில், ஒரு அம்மாவின் முழங்கைக்கு எட்டு மாதம் தொடர்ந்து ‘2’ எழுதினேன். இலக்கம் மாறவில்லை, ஆகவே மோசமாகவில்லை என்று நம்பினேன். அந்த 2க்குள்ளேயே ஸ்பாஸ்டிசிட்டி மெல்ல மெல்லக் கொன்ட்ராக்சராக மாறிக்கொண்டிருந்தது. கடைசியில் சட்டைக் கையை நுழைக்கவே கை நீளவில்லை. அந்த அம்மாவின் முகம் இன்றும் என் மனதில் இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. முதல் பார்வைக்கும் சனம் கூடிய நாளுக்கும் ஆஷ்வேர்த் போதும். 1+ அல்லது அதற்கு மேல் வந்த எந்த மூட்டுக்கும், ஊசியோ மாக்கட்டோ பேசுவதற்கு முன், தார்தியூ கட்டாயம். கணுக்காலில் முழங்காலை நீட்டியும் மடக்கியும் இரண்டு தரம் எடுங்கள். கெண்டையின் மேல்தசையா அடித்தசையா என்று அப்போதுதான் தெரியும். கொப்பியில் வெறும் இலக்கத்தை விட்டுப்போகாமல் இப்படி எழுதுங்கள், கல்முனையில் பார்ப்பவருக்கும் மட்டக்களப்பில் பார்ப்பவருக்கும் விளங்கும்: “வலது கணுக்கால், முழங்கால் நீட்டி. மெல்ல +5, விரைவாக −20, பிடிப்பு 2. காலை 9.30, படுத்த நிலை, பஸ்ஸில் வந்து பத்து நிமிடம் ஆறிய பின்.”