முள் நடுவில்தான் நின்றது: காருக்குத் தண்ணிச் சூட்டு மீற்றர் எதைப் பூட்டலாம்?

போன ஆவணியில் பொலன்னறுவையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன். வெலிக்கந்தை தாண்டி, புணானைக்கு முன்னால் ஆளரவம் இல்லாத நேர் ரோடு. கச்சான் காற்று அனலாக வீசியது. ஏசியை முழுதாகப் போட்டிருந்தேன். சூட்டு முள் வழமைபோல நட்டநடுவில். முதலில் வந்தது ஒரு மணம், பாணி காய்ச்சுகிற மாதிரி இனிப்பாக. கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணி, கசிந்து சூட்டில் பட்டால் அப்படித்தான் மணக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. பிறகு இழுவை குறைந்தது. அப்போதும் முள் நடுவில். ஓரங்கட்டுவதற்குள் முள் ஒருதரம் மேலே எழும்பிவிட்டு, சட்டென்று குளிர் பக்கம் விழுந்து படுத்தது. எல்லாம் ஆறிப்போயிற்று, பயப்படாதே என்று சொல்வதுபோல.

பொனட்டைத் திறந்தால் கீழ் ஹோஸ் வெடித்து ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. எஞ்சினின் மேல் பாகமான ஹெட் வளைந்து, அதன் கீழ் இருக்கும் அடைப்புத் தகடான கேஸ்கட் எரிந்து, லேத்தில் கொடுத்து மட்டம் சீவி எடுத்தோம். செலவை இங்கே எழுதவில்லை, மனைவியும் இதைப் படிப்பா.

கல்லடிக் கராஜில் வயதான மெக்கானிக் ஒருவர் சொன்னார்: “மனே, அந்த முள்ளப் பாத்து ஓடுற காலம் போய்த்து. அது உண்மை சொல்லுற முள்ளில்ல.” விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். தேடிப் படித்தபோது அவர் சொன்னது சரி. இப்போதைய கார்கள் பலவற்றில் முள்ளை வேண்டுமென்றே நடுவில் நிற்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள். காருக்குக் கார் மாறும், ஆனால் ஏறக்குறைய 75 டிகிரியிலிருந்து 105 வரை அது அசையாது. முள் கொஞ்சம் ஏறி இறங்கினாலே ஆட்கள் பயந்து காரைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என்பதால் செய்த ஏற்பாடு. சில கார்களில் அந்த முள்ளும் கிடையாது. முதல் தலைமுறை டொயோட்டா விட்ஸ் போன்றவற்றில் குளிருக்கு ஒரு நீல விளக்கு, கொதித்தால் ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சிவப்பு எரியும்போது பெரும்பாலும் காரியம் முடிந்திருக்கும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதற்குப் பிறகும் வரியைக் கேட்டால் தலை சுற்றும். இருக்கிற பழைய எஞ்சினைக் காப்பாற்றுவதுதான் நமக்கு வழி. அதனால் தனியாக ஒரு மீற்றர் பூட்டுவது ஆடம்பரம் இல்லை. எதைப் பூட்டுவது என்பதில்தான் குழப்பம். நாலு வகை கிடைக்கிறது. மூன்றை நான் பூட்டிப் பார்த்துவிட்டேன், ஒன்றை மச்சானுடைய வேனில் பார்த்தேன்.

ஒப்பிடுவதற்கு முதல் சில எண்கள். தேர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடானதும் தண்ணியை ரேடியேட்டர் வழியாக ஓடவிடும் கதவு, பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரியில் திறக்கத் தொடங்கும். ரேடியேட்டர் விசிறி 95ஐ ஒட்டிச் சுற்றும். ரேடியேட்டர் மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் வெறுந்தண்ணிகூட 118, 119 வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் செத்துப்போனால் அதே தண்ணி 100இல் கொதித்துவிடும். ஆகவே மீற்றர் 103 காட்டினால் அது நல்லதா கெட்டதா என்பதை மூடிதான் தீர்மானிக்கும். மீற்றர் வாங்க முதல் மூடியை மாற்றுங்கள், எல்லாவற்றிலும் மலிவான சாமான் அது. இன்னொன்று, நம் கரையோரத்துக் கிணற்றுத் தண்ணி பல இடங்களில் உவர். அதை ரேடியேட்டருக்குள் ஊற்றி ஊற்றி உள்ளே துருவும் காரையும் பிடிக்க வைத்துவிட்டு மீற்றர் தேடுவதில் பிரயோசனம் இல்லை.

முதலாவது, ஓபிடி-2 வழி, அதாவது காரின் கம்ப்யூட்டரோடு பேசும் சொக்கெட் வழி. ஸ்டியரிங்கின் கீழே இருக்கும் சொக்கெட்டில் விரல் பருமனான ஒரு சாமானைச் சொருகி, புளூடூத்தில் கைபேசியோடு இணைப்பது. எஞ்சினின் சொந்த சென்சர் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் எண்ணை அப்படியே காட்டும். டாஷ்போர்ட் முள்ளுக்குப் போகும் மழுப்பல் இதில் இல்லை. கார் ஒரு இலக்கத்தை அனுப்பும், அதிலிருந்து 40ஐக் கழித்தால் செல்சியஸ். ஆகவே சென்சர் வயர் அறுந்தால் பல நேரம் மைனஸ் 40 என்று காட்டும். மட்டக்களப்பில் மைனஸ் 40 வந்தால் உறைபனி அல்ல, வயர் கோளாறு.

மலிவு, ஒரு போல்ட்டும் கழற்ற வேண்டாம், வேறு காருக்கும் மாற்றலாம். எச்சரிக்கை ஒலியை நீங்களே 102இல், 105இல் என்று வைத்துக்கொள்ளலாம். குறைகளும் உண்டு. ஈஎல்எம்327 என்ற சிப்பின் பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை நகல். அசல் சிப்பைச் செய்த கனடா நிறுவனம் 2022இல் கடையை மூடிவிட்டது. சில நகல்கள் பாதியில் தொடர்பை விட்டுவிடும். ஐபோனுக்கு எல்லாம் சரிவராது, கேட்டு வாங்க வேண்டும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய கார்கள் பலவற்றில் சொக்கெட் இருந்தும் பேசாது. ஒருநாள் இரவல் வாங்கிச் சொருகிப் பார்த்துவிட்டு வாங்குவதுதான் புத்தி. பெரிய தொல்லை கைபேசிதான். மத்தியான வெயிலில் கண்ணாடிக்குக் கீழே வைத்தால் எஞ்சினுக்கு முதல் அது சூடேறி அணைந்துவிடுகிறது. கைபேசி இல்லாமல் நேரே சொக்கெட்டில் கொழுவும் சின்னத் திரைகளும் இருக்கின்றன, எனக்கு அவைதான் பிடித்தது. எதுவானாலும் காரைக் கிழமைக்கணக்கில் நிறுத்தினால் கழற்றி வையுங்கள், பற்றரியை மெல்ல மெல்லக் குடிக்கும்.

இரண்டாவது, கரண்டே தேவைப்படாத பழைய மெக்கானிக்கல் மீற்றர். எஞ்சினுக்குள் ஒரு குமிழ், அதிலிருந்து டாஷ்போர்ட் வரை மெல்லிய செப்புக் குழாய், உள்ளே எளிதில் ஆவியாகும் ஒரு திரவம். சூட்டில் அழுத்தம் ஏறி, மீற்றருக்குள் சுருண்டிருக்கும் குழாயை விரிக்கும், முள் நகரும். பிரான்ஸில் பூர்தோன் என்பவர் 1849இல் காப்புரிமை எடுத்த அதே தந்திரம். பழைய டிராக்டர்கள் பலவற்றில் வருவது இதுதான். படுவான்கரை வயல்களில் ஓடுகிற ஒன்றில் பாருங்கள், மற்ற மீற்றரெல்லாம் செத்த பிறகும் இது வேலை செய்துகொண்டிருக்கும்.

ஆனால் காருக்கு இதை நான் சொல்லமாட்டேன். குழாயை வெட்டவோ ஒட்டவோ ஒண்ணா, மடிந்தால் மீற்றரே குப்பை. குமிழ் பெரிது, சின்னக் கார் எஞ்சினில் அதற்கு இடம் தேடுவதே ஒரு நாள் வேலை. சத்தம் போட்டு எச்சரிக்கவும் தெரியாது. மச்சான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் பழைய டொல்பின் வேனில் பூட்டியிருக்கிறார். அங்கே எஞ்சின் சீற்றுக்குக் கீழேயே இருப்பதால் குழாய்க்குத் தூரமில்லை, பொருந்துகிறது.

மூன்றாவதுதான் கடைகளில் அதிகம் தொங்குவது: மின் மீற்றர், 52 அல்லது 60 மில்லிமீற்றர் வட்டம், இரவில் நீலமாக மின்னும். சூடேற ஏற மின்தடை குறையும் சென்சர் ஒன்று, ஒரு வயர், ஒரு முள் அல்லது இலக்கம். கொஞ்சம் விலை கூடியவற்றில் எச்சரிக்கை ஒலியும், அன்றைக்குப் போன உச்சச் சூட்டை நினைவில் வைக்கும் வசதியும் இருக்கும். ஆட்கள் மீற்றரின் அழகைப் பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது சென்சரை எங்கே பூட்டப் போகிறோம் என்பதை.

வயர்காரர்கள் சொல்லும் சுலப வழி, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குச் சுடுதண்ணி போகும் மேல் ஹோஸை வெட்டி நடுவில் அலுமினிய அடாப்டர் ஒன்றைச் சொருகி அதில் சென்சரை இறுக்குவது. எஞ்சினில் கைவைக்க வேண்டாம், அரை மணித்தியாலத்தில் முடியும். எனக்கும் முதலில் அப்படித்தான் செய்தார்கள். மூன்று விசயம் பிறகுதான் விளங்கியது. ஒன்று, ஹோஸ் ரப்பர், அதனால் அடாப்டருக்கு எர்த் இல்லை. ஒற்றை வயர் சென்சர் எர்த்தை எடுப்பது தன் மரை வழியாக. தனியாக ஒரு எர்த் வயர் இழுக்காவிட்டால் முள் தன் இஷ்டத்துக்கு ஆடும். கசியாமலிருக்க மரைக்கு வெள்ளை நாடாவைக் கனமாகச் சுற்றினாலும் அதே கூத்து. இரண்டு, ஒரு ஹோஸ் இரண்டாகி, கசியக்கூடிய இடம் இரண்டு கூடுகிறது.

மூன்றாவது ஆபத்தானது. தேர்மோஸ்டாட் மேல் ஹோஸின் வாயில் இருக்கும் எஞ்சின்களில், அது திறக்காமல் சிக்கிக்கொண்டால் மேல் ஹோஸுக்குச் சுடுதண்ணி வரவே வராது. உள்ளே எஞ்சின் கொதிக்கும், உங்கள் புது மீற்றர் 50 காட்டிக்கொண்டு சிரிக்கும். தேர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும் எஞ்சின்களில் இந்தப் பயம் குறைவு. ஆகவே அடாப்டர் வாங்க முதல் உங்கள் தேர்மோஸ்டாட் எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

நல்ல இடம் ஹெட்டிலோ, ஹெட்டிலிருந்து தண்ணி வெளியேறும் வாயிலோ, தேர்மோஸ்டாட்டுக்கு முன்னால் இருக்கும் வெற்று மரைத் துளை. பல எஞ்சின்களில் பிளக் போட்டு அடைத்த ஒன்று இருக்கும். இங்கேயும் ஒரு பொறி. ஜப்பான் எஞ்சின்களின் சின்ன மரை அங்குலத்துக்கு 28 சுற்று, அமெரிக்க அளவில் வரும் சென்சர்களின் மரை 27. கையால் ஒன்றிரண்டு சுற்றுப் போகும், பிறகு இறுகும். “அடிச்சு ஏத்துவம்” என்று ஸ்பானர் போட்டால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். சரியான மாற்று நட்டு கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் சொல்லி எடுக்கலாம். கம்பனி சென்சரைக் கழற்றி ‘டி’ வடிவத் துண்டு போட்டு இரண்டையும் கொழுவுகிறவர்களும் உண்டு. அப்போது இரண்டு சென்சரும் ஓட்டமில்லாத மூலைத் தண்ணிக்குள் நின்று, உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். வேண்டாம்.

மலிவு மீற்றர் வாங்கினால் பூட்ட முதல் குசினிக்குக் கொண்டுபோங்கள். 12 வோல்ட் பற்றரியில் கொழுவி, சென்சரின் நுனியைக் கொதிக்கிற கேத்தலுக்குள் விடுங்கள். மட்டக்களப்பு கடல்மட்டம், இங்கே தண்ணி 100இல்தான் கொதிக்கும். (நுவரெலியாவில் செய்தால் 94ஐ ஒட்டித்தான் வரும், மீற்றரைத் திட்டவேண்டாம்.) நான் வாங்கிய முதலாவது 91 காட்டியது. கடைக்காரர் மாற்றித் தந்தார், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு.

இப்போது புணானைக்குத் திரும்புவோம். அன்றைக்கு முள் ஏன் விழுந்தது? தண்ணி போனதும் சென்சர் வெறும் காற்றிலும் ஆவியிலும் நின்றது. தண்ணிக்குள் முங்கி நின்றால்தான் அது தண்ணியின் சூட்டைச் சொல்லும். மேலே சொன்ன மூன்று வகைக்கும் இந்தப் பலவீனம் பொது. ஹோஸ் மெல்லக் கசிந்தால் மூன்றும் முன்கூட்டிச் சொல்லும். ஒரேயடியாக வெடித்தால் மூன்றும் ஏமாற்றக்கூடும்.

அதற்குத்தான் நாலாவது வகை, நம் ஊரில் யாரும் பேசாதது. வளையம் போன்ற சின்னச் சென்சரை ஹெட்டின் வெளிப்பக்கத்தில் இருக்கும் ஏதாவது சின்ன போல்ட்டின் கீழ் இறுக்குவது. (ஹெட்டைப் பிடிக்கும் பெரிய போல்ட்டில் அல்ல, அதைத் தொடவே வேண்டாம்.) அது தண்ணியை அளக்காது, உலோகத்தை அளக்கும். தண்ணி இருந்தாலென்ன போனாலென்ன, உலோகம் சூடேறினால் கத்தும். தூர ரோடு அதிகம் உள்ள அவுஸ்திரேலியாவில் இது பரவலாக இருக்கிறது. எண் தண்ணிச் சூட்டிலிருந்து சில டிகிரி வேறுபடும், அது பிரச்சினையில்லை. ஒரு கிழமை ஓடிப் பார்த்து, வழமையான உச்சம் என்னவென்று குறித்து, அதற்கு 10 டிகிரி மேலே எச்சரிக்கையை வைத்தால் போதும். ஏசியோடு நெரிசலில் நின்றால் ஒன்றிரண்டு தரம் வீணாகக் கத்தும். அதற்கு ஒலியைக் குறைக்காதீர்கள், எண்ணைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

பூட்டும் வேலை எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: எஞ்சின் ஆறிய பிறகு மட்டும் மூடியைத் திறக்கவேண்டும், சாவி போட்டால் வரும் கரண்டிலிருந்து சின்ன ஃபியூஸ் வைத்து எடுக்கவேண்டும், தகட்டுத் துளைக்கு ரப்பர் வளையம் போடவேண்டும். கல்லடி, பாசிக்குடாப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் கார் என்றால் இணைப்புகளுக்குக் கிறீஸ் பூசுங்கள், உப்பு பச்சை பிடிக்க வைத்துவிடும்.

என்னிடம் கேட்டால், ஓபிடி பேசும் காருக்கு முதலில் அதைச் சொருகிக் காசை மிச்சம் பிடியுங்கள், மிச்சத்தில் உலோகச் சூட்டு அலாரம் ஒன்று வாங்குங்கள். இரண்டும் சேர்ந்தும் நல்ல மின் மீற்றர் ஒன்றைவிட மலிவாகவே வரும் என்பது என் அனுபவம். ஓபிடி பேசாத பழைய காருக்கு மின் மீற்றர், ஆனால் ஹெட்டின் வாயில், ஹோஸில் அல்ல. செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை வழியாக லுணுகலை ஏற்றம் ஏறி பதுளை போய் வருகிறவர்களுக்கு அலாரம் கட்டாயம். வளைவும் எருமையும் பார்க்கிற ரோட்டில் மீற்றரைப் பார்க்க யாருக்கு நேரம்?

நான் இப்போது அடாப்டரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது ஹோஸ் போட்டு, சென்சரை ஹெட்டின் வாய்க்கு மாற்றிவிட்டேன், அலாரமும் இருக்கிறது. மனைவியின் காரில் ஓபிடித் திரை. பூட்டிய மறுநாள் கல்முனையிலிருந்து போன் வந்தது: “தொண்ணூற்றேழு காட்டுது, நிப்பாட்டவா?” விசிறி சுத்துற எண் அது, பேசாமல் வாங்க என்றேன். களுவாஞ்சிகுடியில் மறுகா ஒரு போன்: “இப்ப தொண்ணூறு. ஏன் குறைஞ்சது?”