கூல் ரூஃப் பெயின்ட்: வாங்கலாம், தண்ணீர் ஊற்றி இழுக்காமல் அடித்தால்

கான்கிரீட் மொட்டை மாடிக்கு நேர் கீழே படுக்கையறை இருந்தால், ஏசி செலவைக் குறைக்க முதலில் தளத்தைக் கவனியுங்கள். அக்ரிலிக் எலாஸ்டோமெரிக் வகை (ரப்பர்போல நீண்டு சுருங்கும்) வெள்ளைப் பூச்சு அதற்கு நன்றாகவே உதவும். கீழ்த்தளத்து அறைகளுக்கு இதனால் பலன் இல்லை. மேற்குச் சுவரில் அடிக்கும் வெயிலுக்கும் இது மருந்தல்ல.

டப்பாவில் பார்க்க வேண்டியது எஸ்ஆர்ஐ எண், அதாவது வெயிலில் பரப்பு எவ்வளவு சூடேறாமல் இருக்கும் என்ற அளவு. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்று வைத்து அளக்கிறார்கள். நல்ல பூச்சு புதிதில் 100-ஐத் தாண்டுவதும் உண்டு. தூசி படிந்தால் இறங்கும். ஆகவே 3 ஆண்டு வெயிலில் கிடந்த பிறகான எண்ணையும் கேளுங்கள். 'செராமிக் துகள், இன்சுலேஷன்' என்பதெல்லாம் விளம்பரம். கால் மில்லிமீட்டர் படலம் வெப்பத்தைத் தடுத்து நிறுத்தாது; வெயிலைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். 'பத்து டிகிரி குறையும்' என்றால் தளத்தின் மேற்பரப்பில். அறைக்குள் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள்.

வேலை கெடுவது பெரும்பாலும் கனத்தில்தான். 1 லிட்டரை 1 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரத்தில் 1 மில்லிமீட்டர் கனம். பெயின்ட்டில் காய்ந்தபின் தங்கும் கெட்டிப்பொருள் கன அளவில் பாதி என்றால், காய்ந்ததும் அரை மில்லிமீட்டர் நிற்கும். அதே லிட்டரைச் சுவர் பெயின்ட் பழக்கத்தில் 5 சதுர மீட்டருக்கு இழுத்தால் மிஞ்சுவது 0.1 மில்லிமீட்டர், சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும், விரிசல் அசையும்போது படலமும் கிழியும். லிட்டருக்கு 2 சதுர மீட்டர், இரண்டு மேல் கோட்டும் சேர்த்து, என்று கணக்கு வையுங்கள். தண்ணீர் கலப்பது பிரைமர் (அடிப்பூச்சு) கோட்டுக்கு மட்டும். மேல் கோட்டு ஒன்று நெடுக்கே, அது காய்ந்தபின் இன்னொன்று குறுக்கே.

அதற்கு முன் பாசியைக் கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காய விடவும். உள்ளே ஈரம் இருந்தால் வெயிலில் ஆவியாகிப் படலத்தைத் தூக்கும்; கொப்புளம் வருவது பெரும்பாலும் இதனால்தான், பெயின்ட் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. புதுக் கான்கிரீட் என்றால் 28 நாளாவது பொறுக்கவும். விரிசலை 'வி' வடிவில் வெட்டி நிரப்பி, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையில் ஃபைபர் வலை பதிக்கவும். உச்சி வெயிலில் அடித்தால் மேலே சீக்கிரம் காய்ந்து ஊசித்துளை விழும். காலையில் தளம் சூடேறுமுன் முடியுங்கள்.

தண்ணீர் தேங்கும் இடத்தில் எந்த அக்ரிலிக் பிராண்டும் உரியும். முதலில் 100-க்கு 1 வாட்டமாவது எடுங்கள். தொட்டி நிரம்பி வழிவதையும் ஏசி தண்ணீர் சொட்டுவதையும் குழாய் போட்டு வெளியே விடுங்கள்.

கழுவினால் வெண்மை பெருமளவு திரும்பும், ஆசிட் மட்டும் வேண்டாம். ஈரத்தில் வழுக்கும் என்பதால் நடக்கும் பாதையில், கடைசிக் கோட்டு ஈரமாக இருக்கும்போதே, சன்ன மணல் தூவுங்கள். எதிரே உயரமான வீடு இருந்தால் அவர்களுக்குக் கண் கூசும். குளிர்காலம் நீண்டு ஹீட்டர் ஓடும் ஊரென்றால், கோடையில் மிச்சமானதில் ஒரு பங்கு ஹீட்டர் செலவில் போய்விடும். அங்கு கூரைக்கு இன்சுலேஷன் போடுவதுதான் மேல்.