எவர்சில்வர் மேடையில் கோடு விழாமலிருக்க: தேங்காய் எண்ணெயா, வினாகிரியா?

குசினியில் இருந்த பழைய சீமெந்து மேடையின் மேல் எவர்சில்வர் தகடு அடித்து, அதே உலோகத்தில் தொட்டியும் பொருத்தி இரண்டு வருடங்களாகின்றன. முதல் நாள் முகம் பார்க்கக்கூடியதாக இருந்த தகடு, ஒரு கிழமைக்குள் வெண்கோடுகளும் நீர்ப்பொட்டுகளுமாகிவிட்டது. பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதன் பின்னும் நிற்கும் கோட்டை எதனால் போக்குவது என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகின. மாமி தேங்காய் எண்ணெய்க் கட்சி, நான் வினாகிரிக் கட்சி. ஆகவே இந்த அலசலில் முழு நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி நிற்பது. அதில் கரைந்திருக்கும் கல்சியம், நீர் உலரும்போது வெள்ளைப் படிவாகத் தகட்டிலேயே தங்கிவிடுகிறது. கேத்தலின் அடியில் படிவதும் இதுவே. கட்டிச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் அது கல்சியத்தோடு சேர்ந்து கரையாத கசடாகி, கோட்டின் மேல் மங்கல் படலமொன்றையும் சேர்த்துவிடும்.

மாமியின் முறையில் கழுவிய மேடையை ஈரமில்லாமல் துடைத்து, துணியில் சில துளி எண்ணெய் விட்டு, தகட்டில் தெரியும் நுண்வரிகள் ஓடும் திசையிலேயே பூசி, மற்றொரு துணியால் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். உடனடிப் பளபளப்பில் இதை வெல்ல எதுவுமில்லை, விரல் அடையாளமும் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் எண்ணெய் படிவைக் கரைப்பதில்லை, மறைக்கிறது. புட்டும் இடியப்பமும் அவிக்கும் குசினியில் பறக்கும் அரிசிமா இரண்டாம் நாளே அதில் ஒட்டிக்கொள்கிறது. அடுப்பருகே சூடு பட்ட இடம் பிசினாகிறது. அதை எடுக்க மறுபடி திரவமும் கிணற்று நீரும் தேவைப்பட, தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

வினாகிரியிலுள்ள அசற்றிக் அமிலம் அந்தப் படிவையே கரைக்கிறது. நிறமற்ற வினாகிரியையும் நீரையும் சம அளவில் கலந்து தெளித்து, இரண்டு மூன்று நிமிடங்கள் விட்டுத் துடைத்தால் போதும். கள்ளு வினாகிரி கறிக்கே இருக்கட்டும். தேசிக்காயும் அமிலந்தான், எனினும் அதன் சாறும் சதையும் ஒட்டிக்கொண்டு, கழுவும் வேலையைக் கூட்டுகின்றன. கடைத் தெளிப்பானில் ஒரே ஒரு போத்தல்தான் பாவித்திருக்கிறேன். வேலை செய்தது, ஆனால் அந்த ஒரு போத்தலை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் பிறகு, நான் வெற்றி பெற்றது வினாகிரியால் மட்டுமன்று. முதல் மாதம் வினாகிரியால் துடைத்துவிட்டுக் கிணற்று நீரால் அலசி அப்படியே விட்டேன். காலையில் பழைய கோடுகள் பழைய இடத்திலேயே இருந்தன. தகட்டின் மேல் கடைசியாக உலரும் நீர் எதுவோ அதுவே கோடாகிறது. எனவே இப்போது அலசிய கையோடு, உலர்ந்த மைக்ரோபைபர் துணியால் ஒரு சொட்டும் மிஞ்சாமல் வரித்திசையில் ஒற்றி எடுக்கிறேன். பழைய பருத்தித் துவாயும் உதவும், ஆனால் நூல் உதிர்க்கும். மாரி காலத்தில் கடைசி அலசலுக்கு மழைநீர் பிடித்து வைக்கிறேன். மற்ற நாட்களில் கொதித்தாறிய நீர், ஏனெனில் கொதிக்கும்போதே கல்சியத்தின் ஒரு பகுதி கேத்தலில் படிந்துவிடுகிறது. இரவில் ஐந்து நிமிட வேலை. மாமியின் மேடை முதல் நாளில் அத்தனை அழகாக இருந்ததற்கு, எண்ணெய்க்கு முன் அவர் ஈரம் போகத் துடைத்ததும் ஒரு காரணம் என்பதை நான் தாமதமாகவே கண்டுகொண்டேன்.

எந்தக் கட்சியாயினும் இரும்புக் கம்பிச் சுருளை நெருங்க விடக்கூடாது: அது கீறுவதோடு, உதிரும் இரும்புத் துகள் கறள் பிடித்துத் தகட்டிலும் கறை விடும். குளோரின் கலந்த வெளிற்றும் திரவம் எவர்சில்வரில் சிறு குழிகளை உண்டாக்கக்கூடியது. அது வினாகிரியோடு கலந்தால் நச்சுவாயு எழும்.

குளிர்சாதனப் பெட்டியின் எவர்சில்வர் கதவை மட்டும் மாமியிடம் விட்டுவிட்டேன். தண்ணீரோ மாவோ படாத அந்த இடத்தில் விரல் அடையாளந்தான் தொல்லை. அவருடைய இரண்டு துளி எண்ணெய் அங்கே ஒரு கிழமைக்கு நிற்கிறது.