தெரிந்துகொள்ளுதல்: யார் முடிச்சை எங்கே போடுகிறார்கள்?

ஒருவன் இரட்சிக்கப்படுவது தேவன் அவனைத் தெரிந்துகொண்டதாலா, அவனே விசுவாசிக்கத் தீர்மானித்ததாலா என்பது கிறிஸ்தவர்களுக்குள் பழைய சண்டை. முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பாதிச் சண்டை அங்கேயே தொடங்குகிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் எபேசியர் 1:4, "உலகத்தோற்றத்துக்கு முன்னே கிறிஸ்துவுக்குள் நம்மைத் தெரிந்துகொண்டபடியே" என்று வருகிறது. இன்றைய பேச்சில் 'தெரிந்துகொண்டார்' என்றால் 'அறிந்துகொண்டார்'. வசனத்தின் பொருள் அதுவல்ல. அங்கே இருப்பது 'எக்லெகொமாய்' என்ற கிரேக்கச் சொல். பலவற்றிலிருந்து தனக்கென்று ஒன்றை எடுத்துக்கொள்வது, அதாவது தெரிவு. பிற்கால மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'தேர்ந்தெடுத்தார்' என்று போட்டு இந்தக் குழப்பத்தை நீக்கிவிட்டது. பழைய மொழிபெயர்ப்பை இன்றைய காதால் கேட்கிறவர், "முன்னமே அறிந்திருந்தார், அவ்வளவுதானே" என்று நகர்ந்துவிடுவார். ஒரு விவாதமும் இல்லாமல், தனக்கே தெரியாமல், அவர் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டார்.

கட்சிகளை ஒப்பிட ஒரே ஒரு சூழ்நிலை போதும். அண்ணனும் தம்பியும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே பிரசங்கத்தைக் கேட்கிறார்கள். தம்பி விசுவாசிக்கிறான், அண்ணன் எழுந்து போகிறான். ஏன்? எந்த விளக்கமும் இதற்கு முழுப் பதில் தருவதில்லை. ஓரிடம்வரை நன்றாக விளக்கிக்கொண்டு போய், அங்கே ஒரு முடிச்சைப் போட்டு, "இதற்குமேல் கேட்காதே" என்கிறது. முடிச்சு எங்கே விழுகிறது என்பதுதான் ஒரு விளக்கத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது.

டோர்ட் சங்கத்தின் பதில்

தம்பியின் விசுவாசத்துக்குக் காரணம் தேவன் அவனைத் தெரிந்துகொண்டது. தெரிந்துகொண்டதற்குக் காரணம் தம்பியிடம் எதுவும் இல்லை. நெதர்லாந்தின் டோர்ட் நகரில் 1618 நவம்பர் முதல் 1619 மே வரை கூடிய, சீர்திருத்தவாதி ஜான் கால்வின் வழிவந்த சபைகளின் சங்கம் இதைத் தெளிவாக எழுதியது: தேவன் ஒருவனிடம் விசுவாசத்தை முன்கூட்டிக் கண்டதால் அவனைத் தெரிந்துகொள்ளவில்லை, தெரிந்துகொண்டதால்தான் அவனுக்கு விசுவாசம் வருகிறது. யோவான் 6:44 இதன் தூண். பிதா இழுத்துக்கொள்ளாவிட்டால் ஒருவனும் வரமாட்டான். அங்கே வரும் 'இழுத்தல்' என்ற வினைச்சொல்தான் யோவான் 21:11இல் பேதுரு வலையைக் கரைக்கு இழுக்கும்போதும் வருகிறது. கெஞ்சிக் கூப்பிடுவது என்று அதை இளக்கிவிட முடியாது. ஆனால் அதே சொல் 12:32இல் "எல்லாரையும்" என்பதோடு வருகிறது. அந்த வசனத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு 6:44ஐ மட்டும் பிரசங்கிப்பவர்கள் நிறையப் பேர்.

'கால்வினியத்தின் ஐந்து அம்சங்கள்' என்று பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்து வைத்து மனப்பாடம் செய்யும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. டோர்ட்டின் வரிசை வேறு. அங்கே முதல் தலைப்பே தெரிந்துகொள்ளுதல். மனிதனின் சீர்கேடு மூன்றாம், நான்காம் தலைப்புகளை ஒன்றாகச் சேர்த்த பகுதியில் வருகிறது.

எழுந்து போன அண்ணன்? இங்கேதான் எதிரிகளும் ஆதரவாளர்களும் ஒருசேரத் தவறுகிறார்கள். தெரிந்துகொள்ளுதல் விசுவாசத்துக்கு ஊற்றாக இருப்பதுபோல, 'அதே விதத்தில்' தள்ளிவிடுதல் அவிசுவாசத்துக்குக் காரணம் என்ற கருத்தைச் சங்கம் தன் முடிவுரையில் வெளிப்படையாக மறுத்தது. அவிசுவாசத்தின் குற்றம் மனிதனுடையது. தேவன் அவனை விட்டுக் கடந்துபோனார் என்பதே அதன் நிலை. அப்படியானால் முடிச்சு? இருவரும் ஒரே அளவு கெட்டுப்போனவர்கள் என்றால், ஏன் தம்பி, ஏன் அண்ணன் இல்லை? அது தேவனுடைய சித்தம் என்பதோடு பதில் நிற்கிறது.

இந்தத் தரப்பு திணறும் இடம் 1 தீமோத்தேயு 2:4. எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட அவர் சித்தமுள்ளவர் என்கிறது வசனம். "எல்லா வகை மனுஷரும்" என்று ஒரு பதில் உண்டு. ராஜாக்களுக்காகவும் ஜெபிக்கச் சொல்லும் முந்தைய வசனங்களோடு அது ஓரளவு பொருந்துகிறது. உபாகமம் 29:29ஐக் காட்டி, வெளிப்படுத்திய சித்தம் ஒன்று, மறைவான சித்தம் ஒன்று என்று பிரிப்பது இன்னொரு பதில். இரண்டாவதுதான் நேர்மையானது. ஆனால் அதற்கு விலை உண்டு: தேவன் வெளியே ஒன்று சொல்லி உள்ளே வேறொன்று வைத்திருக்கிறாரா என்ற கேள்வி கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அர்மீனியஸும் வெஸ்லியும்

டச்சு இறையியலாளர் யாக்கோபு அர்மீனியஸ் 1609இல் இறந்தார். அவர் வழிவந்தவர்கள் 1610இல் ஐந்து கட்டுரைகள் கொண்ட முறையீட்டை முன்வைத்தார்கள். டோர்ட் சங்கம் கூடியதே அதற்குப் பதில் சொல்லத்தான். இவர்கள் மனிதன் நல்லவன், தானாக வந்துவிடுவான் என்று சொன்னதாக ஒரு பேச்சு இன்றும் உலவுகிறது. தவறு. கிருபை இல்லாமல் மனிதனால் நன்மையானதை நினைக்கவும் முடியாது என்பது அவர்களுடைய மூன்றாம் கட்டுரை. அதைச் சரிபார்க்காமல் அவர்களைப் பெலேகியர் (மனிதன் தன் சொந்த பலத்தாலேயே நன்மை செய்ய முடியும் என்ற பழைய போதனைக்காரர்) என்று திட்டுகிறவர் விவாதத்தை இன்னும் தொடங்கவே இல்லை. 'ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் விழுவானா?' என்ற கேள்வியில்கூட ஐந்தாம் கட்டுரை தீர்ப்புச் சொல்லவில்லை, வேதத்தை இன்னும் ஆராய வேண்டும் என்றே நிறுத்தியது.

இவர்கள் கணக்குப்படி முன்செல்லும் கிருபை இருவரையும் தொட்டு, மறுமொழி சொல்லும் அளவுக்கு விடுவித்தது. தம்பி ஏற்றான், அண்ணன் எதிர்த்தான். யார் ஏற்பார் என்பதை முன்னறிந்து தேவன் முன்குறித்தார், அதாவது இரட்சிப்புக்கென்று முன்னமே தீர்மானித்தார். 1 தீமோத்தேயு 2:4, 2 பேதுரு 3:9 இரண்டும் இங்கே ஒரு சிரமமும் இல்லாமல் உட்காருகின்றன. 1739இல் மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி இதே நிலையை எடுத்து, கால்வினியர் சொல்லும் முன்குறித்தலுக்கு எதிராகப் பிரசங்கித்தபோது, கால்வினியப் பிரசங்கியான ஜார்ஜ் விட்ஃபீல்டோடு அவருக்கு இருந்த நட்பே ஆட்டங்கண்டது.

முடிச்சு எங்கே? ஒரே கிருபை இருவருக்கும் கிடைத்திருந்தால், வித்தியாசத்தை உண்டாக்கியது எது? 1 கொரிந்தியர் 4:7 கேட்கிறதே: உன்னை விசேஷித்தவனாக்குகிறவர் யார்? "பிச்சைக்காரன் கையை நீட்டுவது சம்பாத்தியம் ஆகாது" என்பது வழக்கமான பதில். நல்ல பதில்தான். ஆனால் ஒரு கை ஏன் நீண்டது, மற்றது ஏன் நீளவில்லை என்பதை அது தொடுவதில்லை. சுயாதீன சித்தம் என்று சொல்லி அங்கே முடிச்சைப் போடுகிறார்கள்.

ரோமர் 8:29 இன்னொரு சிக்கல். "எவர்களை முன்னறிந்தாரோ" என்கிறது. 'எவர்களுடைய விசுவாசத்தை' என்று இல்லை. வேதத்தில் 'அறிதல்' பலமுறை உறவைக் குறிக்கும்: ஆமோஸ் 3:2இல், பூமியின் எல்லா வம்சங்களுக்குள்ளும் உங்களை மாத்திரம் அறிந்துகொண்டேன் என்று கர்த்தர் இஸ்ரவேலிடம் சொல்கிறார். மற்ற தேசங்களைப் பற்றி அவருக்குத் தகவல் இல்லை என்றா பொருள்? எங்கள் மதிப்பீட்டில் அர்மீனியத் தரப்பின் பலவீனமான கண்ணி இந்த வசனம்தான். முன்கண்ட விசுவாசம் என்பதை அவர்கள் இதிலிருந்து எடுப்பதைவிட இதற்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள்.

லூத்தரன் வழி: முடிச்சை நடுவிலேயே போடுவது

தர்க்கம் தேடுகிறவருக்கு எரிச்சல் தரும் நிலை இது. லூத்தரன் சபைகளின் விசுவாச அறிக்கையாக 1577இல் எழுதப்பட்ட இணக்க வாக்கியத்தின் 11ஆம் பகுதி முன்னறிவையும் முன்குறித்தலையும் தனித்தனியே பிரிக்கிறது: முன்னறிவு நன்மை தீமை எல்லாவற்றையும் உள்ளடக்கும், முன்குறித்தல் தேவனுடைய பிள்ளைகளை மட்டும். தம்பி இரட்சிக்கப்பட்டால் முழுக்கக் கிருபை, அண்ணன் கெட்டுப்போனால் முழுக்க அவன் குற்றம். "அப்படியானால் இருவருக்கும் நடுவே வித்தியாசம் எது?" என்று கேட்டால் பதில் கிடையாது. பதில் தேடுவதே தவறு என்கிறார்கள். கால்வினியர் தேவனிடமும் அர்மீனியர் மனிதனிடமும் போட்ட முடிச்சை இவர்கள் கேள்வியின்மேலேயே போடுகிறார்கள். நேர்மையில் இவர்களை யாரும் மிஞ்ச முடியாது. கேட்டவருடைய தாகம் தீராது என்பதும் உண்மை.

தனி ஆளா, ஜனமா?

கூட்டுத் தெரிவு என்ற விளக்கம் கேள்வியையே மாற்றுகிறது. தெரிந்துகொள்ளப்பட்டவர் கிறிஸ்து, அவருக்குள் இருக்கிற ஜனம் தெரிந்துகொள்ளப்பட்ட ஜனம், விசுவாசத்தால் அவருக்குள் வருகிறவன் அந்தத் தெரிவில் பங்கு பெறுகிறான். எபேசியர் 1:3 முதல் 14 வரை கிரேக்கத்தில் ஒரே நீண்ட வாக்கியம். அதில் "கிறிஸ்துவுக்குள்", "அவருக்குள்" என்ற தொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இங்கே மொழிபெயர்ப்பு கவனத்துக்குரியது. 1:4இல் திருவிவிலியம் 'கிறிஸ்து வழியாக' என்கிறது, பழையது 'கிறிஸ்துவுக்குள்' என்கிறது. 'வழியாக' என்று படிக்கிறவருக்கு இந்த வாதத்தின் பலம் தெரியவே தெரியாது. இஸ்ரவேலின் தெரிவும் இந்தப் பக்கமே நிற்கிறது: உபாகமம் 7:7,8இல் தெரியப்பட்டது ஒரு ஜனம், காரணம் எண்ணிக்கையல்ல, அன்பு.

நம் அண்ணன் தம்பிக்கு இது என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இதன் குறை. கப்பல் போய்ச்சேரும் துறை முன்குறிக்கப்பட்டது என்று காட்டிவிட்டு, யார் ஏறினார், ஏன் ஏறினார் என்பதை அர்மீனியரிடமோ கால்வினியரிடமோ கடன் வாங்க வேண்டியிருக்கிறது. இதை முழு மாற்றாக எடுப்பதைவிட மற்ற இரண்டுக்கும் திருத்தமாக எடுப்பதே பொருத்தம்.

இன்னும் இரண்டு விளக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்பெயினின் இயேசு சபைக் குரு லூயிஸ் டி மொலினா 1588இல் 'நடு அறிவு' என்பதை முன்வைத்தார்: எந்தச் சூழலில் யார் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதை அறிந்த தேவன், அதற்கேற்ற உலகத்தைப் படைத்தார். தீருவிலும் சீதோனிலும் இயேசு செய்த அற்புதங்கள் நடந்திருந்தால் அவர்கள் மனந்திரும்பியிருப்பார்கள் என்ற மத்தேயு 11:21 இதன் ஆதாரம். ஆனால் அதே வசனம் மொலினாவையே திருப்பிக் கேட்கிறது: தெரிந்திருந்தும் ஏன் அங்கே அற்புதம் நடக்கவில்லை? இன்னொரு கத்தோலிக்கத் துறவற சபையான டொமினிக்கன் சபையார் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ரோமில் ஆண்டுக்கணக்கில் நடந்த விசாரணையை 1607இல் பாப்பரசர் ஐந்தாம் பவுல் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல் முடித்துவைத்தார். சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் 1942இல் வேறொன்று சொன்னார்: தெரிந்துகொள்கிற தேவனும் கிறிஸ்துவே, தெரிந்துகொள்ளப்பட்ட மனிதனும் கிறிஸ்துவே, தள்ளப்படுதலையும் அவரே சிலுவையில் ஏற்றுக்கொண்டார். அப்படியானால் முடிவில் எல்லாரும் இரட்சிக்கப்படுவார்களா? பார்த் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவருடைய முடிச்சு அங்கே.

ரோமர் 9இல் எல்லாரையும் நிறுத்திப் பார்த்தால்

சோதனைக்கு ஏற்ற இடம் இதுதான், ஒரு நிபந்தனையோடு: 9, 10, 11 மூன்றையும் ஒரே அமர்வில் வாசிக்க வேண்டும். 9ஐ மட்டும் வாசிப்பவர் கால்வினியராகவும், 10ஐ மட்டும் வாசிப்பவர் அர்மீனியராகவும் வெளியே வருவது வாடிக்கை.

"யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்" என்பது மல்கியா 1இலிருந்து வருகிறது. அங்கே பேச்சு இரண்டு ஜனங்களைப் பற்றியது. ஆதியாகமம் 25:23உம் "இரண்டு ஜாதிகள்" என்றே சொல்கிறது. கூட்டுத் தெரிவுக்கு இது பலம். ஆனால் 9:15 முதல் 18 வரை பவுல் ஒருமைக்கு மாறுகிறார். 9:24இல் யூதரிலிருந்தும் புறஜாதியாரிலிருந்தும் அழைக்கப்பட்ட 'நாம்' வருகிறது. ஒரு ஜனத்துக்குள்ளிருந்து சிலர் என்றால் அது தனி ஆட்களைப் பற்றியதும்தான். பவுல் எடுத்துக்காட்டும் பார்வோன் விஷயத்தில் யாத்திராகமத்தைத் திறந்து வரிசை பார்க்க வேண்டும்: 8:15, 8:32இல் அவனே தன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறான், கர்த்தர் கடினப்படுத்தினார் என்று நடந்ததாக வருவது 9:12இல். அர்மீனியர் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் 4:21இலேயே கர்த்தர் முன்னறிவித்துவிட்டார். இரு தரப்பும் பாதி வரிசையைத்தான் காட்டுகின்றன.

பாத்திரங்கள் பற்றிய ரோமர் 9:22,23இல் ஒரு நுணுக்கம் உண்டு. கிருபாபாத்திரங்களை தேவன் முன்னமே ஆயத்தமாக்கினார் என்று செய்தவர் பெயரோடு சொல்லும் பவுல், கோபாக்கினைப் பாத்திரங்களைப் பற்றிச் சொல்லும்போது அழிவுக்கு 'எத்தனமாக்கப்பட்ட' என்று செய்தவரைச் சொல்லாமல் விடுகிறார். டோர்ட்டின் "அதே விதத்தில் அல்ல" என்ற மறுப்புக்கு வலுவான ஆதாரம் இங்கே இருக்கிறது. 11:20 முதல் 23 வரை வெட்டப்பட்ட கிளை மறுபடி ஒட்டவைக்கப்படலாம், நிற்கிற கிளை வெட்டப்படலாம். கால்வினியர் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி.

நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா?

ஆத்துமாக்களோடு வேலை செய்கிறவருக்கு மேலே உள்ள எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விதான் அடிக்கடி வரும். டோர்ட், கனிகளைப் பார் என்கிறது: கிறிஸ்துவின்மேல் விசுவாசம், பிள்ளைக்குரிய பயம், பாவத்துக்காகத் துக்கம். உள்ளே பார்த்துப் பார்த்து நோய் பிடிப்பது இங்கே வரும் விபத்து. துக்கம் போதுமானதா என்று அளக்கத் தொடங்கினால் அது எப்போதும் போதாது. அர்மீனிய வழியில் இன்றைய நிச்சயம் உண்டு, நாளையது இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் மறுபடி மறுபடி ஒப்புக்கொடுக்க எழுந்து நிற்பவர்கள் இங்கிருந்து வருகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1547இல் திரெந்து சங்கத்தின் ஆறாம் அமர்வில், விசேஷ வெளிப்பாடு இல்லாமல் தான் தெரியப்பட்டவன் என்று எவரும் நிச்சயமாக அறிய முடியாது என்று வரையறுத்தது. லூத்தரன் வழி வெளியே பார்க்கச் சொல்கிறது: உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது, உனக்கு அப்பம் பிட்கப்பட்டது, வாக்குத்தத்தம் உன் காதில் விழுந்தது. தர்க்கத்தில் பின்தங்கிய அதே விளக்கம் நோயாளியின் படுக்கையருகே முன்னே நிற்கிறது.

எப்போது கற்பிப்பது என்பதில் கால்வினையே பார்க்கலாம். அவருடைய பெருநூலான 'இன்ஸ்டிட்யூட்ஸ்'இன் முந்தைய பதிப்புகளில் முன்குறித்தல் தேவனுடைய பராமரிப்போடு சேர்ந்து வந்தது. 1559 இறுதிப் பதிப்பில் அதைப் பிரித்து, விசுவாசம், மனந்திரும்புதல், நீதிமானாக்குதல், ஜெபம் எல்லாவற்றுக்கும் பிறகு, மூன்றாம் புத்தகத்தின் 21ஆம் அதிகாரத்தில் வைத்தார். அவருக்குப் பின்வந்த தியோடர் பேசா 1555இலேயே வரைந்த விளக்கப்படத்திலோ நித்திய தீர்மானம் உச்சியில் நிற்கிறது, மற்றதெல்லாம் இரு கிளைகளாக அதிலிருந்து இறங்குகிறது. சொல்லப்படுவது ஏறக்குறைய ஒன்றுதான். படத்தை முதலில் பார்த்தவர் "நான் எந்தக் கிளையில்?" என்று கேட்பார். ஜெபத்தைப் பற்றிய 20ஆம் அதிகாரத்தைத் தாண்டி 21க்கு வருகிறவர் ஏற்கெனவே ஜெபித்துக்கொண்டிருப்பார்.