புறக்கணிப்பு ஸ்கேனர் ஆப்கள்: சோப்பு வாங்கும்போது எவ்வளவு உதவும்?

பார்கோடைக் காட்டினால் ‘வாங்கலாம்’, ‘வேண்டாம்’ என்று சொல்லும் ஆப்கள் நிறைய வந்துவிட்டன. சில நிறுவனங்களையோ நாடுகளையோ புறக்கணித்து, மனசாட்சியோடு வாங்க நினைப்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை இவை. அதனாலேயே இவை தவறு செய்தால் சும்மா விட முடியாது.

பிராண்டுக்குப் பின்னால் இருக்கும் தாய் நிறுவனத்தைக் காட்டுவதில்தான் இவற்றின் பலம். பிராண்டுகள் கைமாறிக்கொண்டே இருப்பதால் இது பெரிய உதவி. டாடா ஆயில் மில்ஸின் ஹமாம் 1993-இல் இந்துஸ்தான் லீவருக்குப் போனது. அதே ஆண்டில் தம்ஸ் அப் கோகோ கோலாவுக்குப் போனது. திரும்பி வந்தவையும் உண்டு: ஜெர்மனியின் ஹென்கெலிடம் இருந்த மார்கோ சோப்பு, 2011-இல் மும்பையின் ஜோதி லேபரட்டரீஸிடம் வந்தது. பயனர்களே தகவல் சேர்க்கும் ஆப்களில் இந்த மாற்றங்கள் தாமதமாகத்தான் ஏறும். சந்தேகம் வந்தால் பிஎஸ்இ (மும்பை பங்குச் சந்தை) தளத்தில் நிறுவனத்தின் ‘ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன்’ பக்கத்தைத் திறந்து, புரொமோட்டர், அதாவது நிறுவனத்தைக் கையில் வைத்திருப்பவர், யார் என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். கோல்கேட் இந்தியாவில் 51 சதவீதம் அமெரிக்கத் தாய் நிறுவனத்திடம் இருப்பது அங்கே பளிச்சென்று தெரியும்.

சில ஆப்கள் பார்கோடின் முதல் மூன்று இலக்கத்தை வைத்து நாட்டைச் சொல்கின்றன. இதை அறவே நம்ப வேண்டாம். 890 என்றால் அந்த எண்ணை நிறுவனம், பார்கோடு எண் வழங்கும் ஜிஎஸ்1 இந்தியா அமைப்பில் பதிவு செய்து வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சீனாவில் செய்த பிளாஸ்டிக் டப்பாவிலும் 890 இருக்கலாம். 2020-இல் கல்வான் மோதலுக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் சுற்றிய ‘690 முதல் 699 வரை சீனா’ பட்டியலில் இருந்த ஓட்டையும் இதுதான்.

தயாரான இடத்தைப் பாக்கெட்டே சொல்லும். 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். இறக்குமதி என்றால் எந்த நாடு என்பதும். ‘மார்க்கெட்டட் பை’ என்ற வரியோடு நின்றுவிடாதீர்கள், அது விற்பவரின் முகவரி. ‘மேனுஃபாக்சர்டு பை’ என்ற வரியைத் தேடுங்கள். நான்கைந்து ஆலை முகவரிகள் A, B, C என்று வரிசையாக இருந்தால், பேட்ச் எண்ணில் குறிப்பிட்ட இடத்திலுள்ள எழுத்துதான் உங்கள் கையிலிருக்கும் சோப்பு எந்த ஆலையில் தயாரானது என்று சொல்லும். எத்தனையாவது எழுத்தைப் பார்க்க வேண்டும் என்பதையும் அங்கேயே பொடியாக அச்சிட்டிருப்பார்கள். பேட்ச் எண் பெரும்பாலும் உறையின் மடிப்பில் மை கலைந்து கிடக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஆலை உள்ளூரில் இருந்தாலும் மூலப்பொருள் உள்ளூராக இருக்க வேண்டியதில்லை. ‘சோடியம் பாமேட்’ என்றிருந்தால் அது பாமாயில் சோப்பு. இந்தியாவுக்கு வரும் பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியா சரக்கு. பாமாயில் தோட்டங்களுக்காகக் காடு அழிக்கப்படுவதை எதிர்த்துப் புறக்கணிப்பவர்கள் பார்க்க வேண்டிய வரி இதுதான். ஆப்கள் பலவும் இதைத் தொடுவதே இல்லை.

உள்ளூர்த் தயாரிப்பே பிரச்சினையாக இருக்கும் இடங்களும் உண்டு. 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் முடிவெடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், ஆலைகள் நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன என்ற புகார். நெல்லை அருகே கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் போவதை எதிர்த்து அப்போது வழக்கே நடந்தது. ‘மேட் இன் இந்தியா’ என்று பச்சை டிக் போடும் ஆப்புக்கு இது எப்படிப் புரியும்?

ஆப்பை வீட்டிலேயே திறந்து பிராண்டு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள், கடையில் பாக்கெட்டைப் படியுங்கள். ஒன்றை நிறுத்தினால் காரணத்தைப் பொருள் பெயர், பேட்ச் எண்ணோடு பாக்கெட்டிலுள்ள வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கு எழுதிவிடுங்கள்.