மற்ற கணக்குகளை அலசுவதற்குக் காசு கட்டும் டூலா, 40 பக்க நோட்டா?

பாம்பனில் அம்மாவும் சித்தியும் காயவைக்கும் நெத்திலி, திருக்கைக் கருவாட்டை இன்ஸ்டாகிராம் வழியாக விற்கத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. முதல் எட்டு மாதம் நாங்களே யோசித்து, நாங்களே எடுத்து, நாங்களே போட்டோம். ஃபாலோயர் 400-ஐத் தாண்டவில்லை. அப்புறம்தான் இதே கருவாடும் மீனும் விற்கிற மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். மாதச் சந்தா கட்டும் ஒரு டூலை மூன்று மாதம் வைத்துப் பார்த்தேன், அதை நிறுத்தியபின் இன்றுவரை ஒரு 40 பக்க நோட்டு. என் ஓட்டு நோட்டுக்குத்தான்.

டூலில் நல்லது இல்லாமல் இல்லை. இருபது கணக்கின் பெயரைக் கொடுத்தால் யார் வாரத்துக்கு எத்தனை ரீல் போடுகிறார்கள், எந்தக் கிழமை, சராசரி லைக் எவ்வளவு, ஃபாலோயர் ஏறுகிறதா இறங்குகிறதா எல்லாம் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும். கையால் எழுதினால் ஒரு நாள் போய்விடும். வேகத்தில் நோட்டு அதன் பக்கத்தில் நிற்காது, சரி.

ஆனால் வெளியில் தெரிகிற எண்ணைத்தான் அது எடுத்துக் கொடுக்கிறது. இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசெரி 2025 ஜனவரியில், ஒரு ரீல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பார்க்கும் நேரம், லைக், பிறருக்கு அனுப்புவது ஆகிய மூன்றும் முக்கியம் என்றார். அதில் முதலில் நிற்கும் பார்க்கும் நேரம் கணக்கு வைத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். எந்த ஊர்க்காரர்கள் பார்க்கிறார்கள் என்பதும் அப்படித்தான். நாம் என்ன சந்தா கட்டினாலும் அடுத்தவர் கணக்கின் அந்தப் பக்கம் திறக்காது.

இன்னொன்று, எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணம் அதற்குத் தெரியாது. ஏப்ரல் பாதியிலிருந்து மூன்று மீன் கணக்குகள் பதிவைக் குறைத்துவிட்டன, 'வளர்ச்சி குறைகிறது' என்று எனக்குச் சிவப்பில் காட்டியது. நம் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, அவர்களுக்கு எடுப்பதற்கு என்ன இருக்கும்? எங்களுக்கோ அதுதான் விற்கிற நேரம். பச்சை மீன் வரத்து குறைந்து விலை ஏறும்போது வீடுகளில் கருவாட்டைத் தேடுவார்கள். போட்டியாளர் சோர்ந்துவிட்டார் என்று டூல் சொன்ன அதே வாரங்களில் நாங்கள் தினம் ஒரு ரீல் போட்டிருக்க வேண்டும், அந்த வருஷம் போடாமல் விட்டுவிட்டேன்.

நோட்டில் இப்போது எட்டு கணக்குகள். ஐந்து எங்கள் அளவே உள்ளவை, இரண்டு கொஞ்சம் பெரியவை, ஒன்று சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி விற்பது. விற்கும் பொருள் வேறு என்றாலும் வாங்குகிற ஆள் அதே ஆள்தான், ஊரை விட்டு வெளியே போய் ஊர்ச் சாப்பாட்டைத் தேடுகிறவர். லட்சக்கணக்கில் ஃபாலோயர் உள்ள கணக்குகளை எடுத்துவிட்டேன். அவர்கள் கடலைச் சும்மா காட்டினாலே பார்க்க ஆள் இருக்கிறது, அதில் எது அவர்கள் பெயருக்கு வந்த வியூஸ், எது வீடியோவுக்கு வந்தது என்று பிரிக்கவே முடியாது. (வெளியூரிலிருந்து வந்து எடுப்பவர்களை அப்படியே பார்த்துச் செய்யவும் கூடாது. பவளப்பாறை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, வியூஸுக்காகக் கையில் எடுத்துக் காட்டினால் வழக்கு நம் மேல்தான்.)

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஒரு மணி நேரம். ஒவ்வொரு கணக்கிலும் கடைசி 20 ரீலின் வியூஸை எழுதுவேன், ரீல் படத்தின் ஓரத்திலேயே எண் இருக்கும். சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதுதான் அந்தக் கணக்கின் வழக்கமான அளவு. அதைவிட மூன்று மடங்கு போனதற்கு மட்டும் ஒரு நட்சத்திரம். சராசரி எடுக்காதீர்கள், ஒரே ஒரு ரீல் ஓடியிருந்தால் சராசரி பொய் சொல்லும்.

அதற்குப் பிறகுதான் நோட்டு ஜெயிக்கிற இடம் வருகிறது: கமெண்ட். நட்சத்திரம் போட்ட ரீலின் கமெண்ட்களை ஒன்று விடாமல் படிப்பேன். 'சூப்பர்', 'அருமை', இதயப் படம் எல்லாவற்றையும் தாண்டிவிட்டு, கேள்வியையும் குறையையும் மட்டும் அவர்கள் எழுதிய வார்த்தையிலேயே எழுதிக்கொள்வேன். டூலும் கமெண்டைப் பிரித்துக் காட்டும் என்றார்கள். நம் ஆட்கள் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள், அதையெல்லாம் அள்ளி 'பிற' என்ற ஒரே கட்டத்தில் போட்டு வைத்திருந்தது.

மண்டபம் பக்கத்து அக்கா ஒருவர் நெத்திலி காயும் இடத்தைச் சாதாரணமாக எடுத்துப் போட்டிருந்தார். வழக்கத்தைவிட நாலு மடங்கு ஓடியிருந்தது. நல்ல வெயில், நல்ல நீலக் கடல், அதனால் ஓடியது என்றுதான் நானும் நினைத்தேன். கமெண்டுக்குள் போனால் பதினோரு பேர் கேட்டிருந்தது ஒரே கேள்வி: மணல் இருக்குமா? ஒருவர், 'போன தடவை வேறு கடையில் வாங்கினேன், குழம்பில் நறநறவென்று இருந்தது, அம்மா சாப்பிடாமல் எழுந்துவிட்டார்கள்' என்று எழுதியிருந்தார். அவர்கள் பார்த்தது கடலை இல்லை, நெத்திலி தரையில் கிடக்கிறதா என்பதை.

சித்தி எப்போதும் கம்பு நட்டு, வலை கட்டி, இடுப்பு உயரத்தில்தான் காயவைப்பார். எங்களுக்கு அது பழகிப்போன காட்சி, ஒரு வீடியோவில்கூடக் காட்டியதில்லை. மறுநாள் அந்த வலையைக் கீழிருந்து எடுத்தேன். பிறகு ஒரு கைப்பிடி நெத்திலியைக் கறுப்புத் துணியின் மேல் உதறி, மணல் விழுந்திருக்கிறதா என்று தெரியும்படி துணியை நெருக்கத்தில் காட்டினேன். பேச்சு எதுவும் இல்லை. எங்களுக்கு வழக்கமாக 900 வியூஸ் வரும், அது 14,000 போனது. அந்த வாரம் வாட்ஸ்அப்பில் 23 ஆர்டர், அதில் பலர் அந்தத் துணியைச் சொல்லியே கேட்டார்கள்.

நடுவில் இன்னொரு இலவச வழி இருக்கிறது, இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பர நூலகம். எந்தப் பக்கம் இப்போது என்ன விளம்பரம் ஓட்டுகிறது, எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரே விளம்பரத்தை மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள் என்றால் அதில் அவர்களுக்குக் காசு திரும்புகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். யூடியூபில் சேனலுக்குள் போய்ப் 'பிரபலமானவை' என்று வரிசைப்படுத்தினாலே பாதி வேலை முடியும், ஆனால் அங்கே எனக்கு ஆறு மாதப் பழக்கம்தான், அழுத்திச் சொல்லமாட்டேன்.

நான் சொல்வதெல்லாம் சாப்பாட்டுப் பொருளை வைத்து. துணிக்கடை, தங்கும் விடுதி மாதிரிக் கணக்குகளில் கமெண்ட் எல்லாம் 'விலை?' என்ற ஒரே சொல்லாக இருந்தால் இந்த வழி இவ்வளவு கொடுக்குமா என்பது சந்தேகம்தான். ஐந்தாறு கடைகளின் கணக்கைச் சம்பளத்துக்குப் பார்ப்பவர் என்றால் டூலை எடுங்கள், அவ்வளவையும் நோட்டில் எழுதி முடியாது.

போன ஞாயிறு எழுதிய கேள்வி, 'கொரியர்க்காரர் கையில் வாடை அடிக்குமா, அப்பார்ட்மெண்டில் மானம் போகும்' என்பது. மூன்று கணக்கில் வெவ்வேறு ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். அம்மா இரண்டு உறை போட்டு ஒட்டி ஒரு பெட்டியை நேற்று ராத்திரியே வீட்டுக்குள் வைத்துவிட்டார், காலையில் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொல்லி எடுக்கப் போகிறோம்.