சேலம் பக்கம் பழைய கடல் கயாக் வாங்குகிறவர்களுக்கு: ஹாட்ச் மூடியைப் பார்த்து வாங்குங்கள்

ஏற்காட்டில் பழைய கயாக், கூடாரம், கயிறு எல்லாம் வாங்கி விற்கும் ஒருவரிடம் கடல் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான படகு) ஒன்று வாங்கினேன். அவர் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அவர் செய்தது உயிரோடு விளையாடும் வேலை. அதனால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

கடல் கயாக்கில் முன்னும் பின்னும் சாமான் வைக்கும் அறைகள் உண்டு. ஆள் உட்காரும் இடத்துக்கும் அவற்றுக்கும் நடுவே தடுப்பு இருக்கும். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் தாங்குவது அந்த அறைக் காற்றுதான். அதைக் காப்பது அறையின் வாயை மேலே அடைக்கும் ஹாட்ச் மூடி. பின் அறையில் நீர் ஏறினால் வால் அமிழ்ந்து மூக்கு தூக்கிக்கொள்ளும், தூக்கிய மூக்கைக் காற்று தான் போகும் திசைக்குத் தள்ளித் திருப்பிவிடும். உள்ளே நீர் அலம்ப ஆரம்பித்தால் படகு எந்தப் பக்கம் சாயும் என்றே சொல்ல முடியாது.

"ரெண்டு மூடியும் ஒரிஜினல் ரப்பர் தம்பி, புதுசா வரவழைச்சுப் போட்டிருக்கேன். பத்து வருஷத்துக்குக் கவலையே வேண்டாங்க" என்றார். மூடிக்கென்று தனியாக 12,000 ரூபாய் வாங்கினார். கறுகறுவென்று பளபளப்பாகத்தான் இருந்தன.

இரண்டையும் இறுக்கி மூடி, பிக்கப் வண்டியில் கட்டி இறக்கினோம். 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது பார்த்தால், முன் மூடி தட்டு மாதிரி உள்ளே குழிந்திருந்தது. பின் மூடி மட்டும் அப்படியே சமமாக இருந்தது. போனில் கேட்டதற்கு, "வெயிலுக்கு ரப்பர் அப்படித்தாங்க ஆகும்" என்றார்.

வெயிலில் உள்காற்று விரிந்தால் மூடி மேலேதான் உப்பும், குழியாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மலையில் அடைபட்ட மெல்லிய காற்றை அடிவாரத்துக் காற்று வெளியிலிருந்து அழுத்துகிறது. இப்படி ஆகாமல் இருக்கத்தான் தடுப்பில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை விடுவார்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு தடுப்பிலும் அந்தத் துளையை சிலிக்கான் வைத்து அடைத்திருந்தார். துளை அடைபட்டும் பின் மூடி குழியவில்லை என்றால், காற்று மூடி வழியாகவே உள்ளே போயிருக்கிறது.

பின் மூடியைக் கழற்றி விளிம்பைக் கட்டைவிரலால் மடக்கினேன். தலைமுடி கனத்தில் வெடிப்புகள் வரிசையாக வாய் திறந்தன. வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி முழுக்கக் கறுப்பு, லாரிப் பட்டறையில் அடிக்குமே, அந்த டயர் பாலிஷ் வாசனை. காய்ந்துபோன மூடிக்கு பாலிஷ் போட்டுப் புதுசு என்று விற்றிருக்கிறார். பெட்ரோலியம் கலந்த பாலிஷ் ரப்பரை இன்னும் கெடுக்கும் என்பது வேறு. போதாக்குறைக்கு அந்த மூடி, அறை வாயில் அது உட்காரும் வளையத்துக்கு உரியதே இல்லை. ஒரு பக்கம் அமுக்கினால் எதிர்ப்பக்கம் எழும்பியது.

ஓமலூர் பக்கம் மாமா தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் படகை இறக்கி, கவிழ்த்துப் பிடித்துப் பார்த்தோம். முன் அறையில் சொட்டு நீர் இல்லை. பின் அறையிலிருந்து குடம் குடமாக வந்தது. கடலில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

பணத்தைக் கேட்டால், "ரப்பர் உங்களுக்குச் சரிப்படலைன்னா நியோப்ரீன் போட்டுத் தர்றேன், மேல கொஞ்சம் ஆகும்" என்கிறார். அதையும் சொல்லிவிடுகிறேன். நியோப்ரீன் (ஒரு செயற்கை ரப்பர்) வகையில் நீரைத் தடுப்பது உள்ளே இழுத்து மாட்டும் துணிதான். மேலே பெல்ட் போட்டுக் கட்டும் பிளாஸ்டிக் ஓடு அதற்குக் காவல் மட்டுமே. துணி தளர்ந்தாலோ தையல் விட்டாலோ கசியும். ஓடு புதுசாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. கேஸ்கெட் (விளிம்பில் ஓடும் அடைப்புப் பட்டை) வைத்து பக்கிளால் இறுக்கும் கெட்டி மூடி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நாள்பட அமுங்கிய கேஸ்கெட் திரும்ப எழாது. திருகு மூடி சின்ன அறைக்குச் சரி. மரையில் மணலும் உப்பும் ஏறினால் திறக்கவே வராது.

நல்ல ரப்பர் மூடிதான் என் தேர்வு, இப்போதும். இங்கிலாந்தின் வேலி (Valley), பின்லாந்தின் கயாக்ஸ்போர்ட் (Kajaksport) கம்பெனிகள் இரண்டும் இதில் பேர்போனவை. ஒன்றின் மூடி மற்றதன் வளையத்தில் உட்காரும் என்று யார் சொன்னாலும், மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். விளிம்பை மடக்கிப் பாருங்கள், வெள்ளைத் துணியால் துடையுங்கள், தடுப்பில் துளையைத் தேடுங்கள். அப்புறம் தண்ணீரில் கவிழ்த்துக் காட்டாமல் காசைக் கொடுக்காதீர்கள். "கடலுக்குத்தானே வாங்குறீங்க, இங்க எதுக்குங்க" என்று அவர் என்னிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்வார்.

பில் தரவில்லை. ஜிபே அனுப்பிய பதிவும் "ஒரிஜினல், புதுசு" என்று அவர் போட்ட வாட்ஸ்அப் செய்தியும் இருக்கின்றன. அவற்றை வைத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதே கொட்டகையில் இன்னும் சில கயாக்குகள் விற்பனைக்குக் கிடக்கின்றன, எல்லா மூடியும் அதே பளபளப்பு. யாராவது ஏற்காட்டில் விலை பேசிக்கொண்டிருந்தால் முன்பணம் கொடுப்பதற்குள் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். கூட வந்து பார்த்துச் சொல்கிறேன்.